பிக்கப் டிரக்கின் டெயில்கேட் படி காசுக்குத் தகுமா?

டெயில்கேட் படி என்பது பிக்கப்பின் பின்கதவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் படி. கதவை இறக்கி இழுத்தால் வெளியே வரும், பிடித்து ஏற ஒரு கம்பியும் கூடவே நிமிரும். ஃபோர்டு எஃப்-150ல் இது 2009 மாடலில் வந்தது.

பம்பரில் கால் வைத்து ஏறினால் போதாதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போதாது, ஏனென்றால் கதவை இறக்கியதும் அது பம்பருக்கு மேலே நீட்டிக்கொண்டு அதை மறைத்துவிடும், அப்புறம் கிட்டத்தட்ட மூன்றடி உயரத்துக்கு முட்டியை ஊன்றித் தவழ்ந்துதான் ஏறவேண்டும். படிக்கல் இல்லாத உயரமான திண்ணை மாதிரி.

தினமும் பலமுறை ஏறி இறங்குபவர்களும் முட்டிவலி உள்ளவர்களும் யோசிக்காமல் வாங்கலாம். எப்போதாவது ஏறுபவர்களுக்கு, 2014 மாடல் செவர்லே சில்வராடோவில் வந்தது போல பம்பர் மூலையில் கால் நுழைக்கும் பள்ளமே போதும் என்பேன். அதில் மடக்கவும் இழுக்கவும் எதுவும் இல்லை, சேறு புகுந்து இறுகாது, கதவு மூடியிருந்தாலும் ஏறலாம்.

படி இருந்தால் இரண்டு கையிலும் பெட்டியோடு ஏறலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு, பெட்டியை முதலில் கதவின் மேல் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத்தான் ஏறவேண்டும்.