செல்லோவில் யமன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸின் கர்நாடக சங்கீதத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஹிந்துஸ்தானியில் அப்படித் தேறிய மேலைநாட்டார் உண்டா? ஐரோப்பாவில் பல வருடம் செல்லோ படித்த என் அக்கா மகள் இப்போது ஹிந்துஸ்தானி ராகமான யமன் பழகுகிறாள். ஸ்வரம் பிசகவில்லை, ஆனால் ராகம் வரவில்லை. பழைய பயிற்சிதான் தடையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நிறையப் பேர் உண்டு. சரோத் என்னும் தந்தி வாத்தியத்தின் மேதை அலி அக்பர் கான் 1967-இல் கலிஃபோர்னியாவில் கல்லூரி தொடங்கினார். அவரிடம் சரோத் கற்ற கென் ஸுக்கர்மன் அதன் கிளையை 1985 முதல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் நடத்தினார். உங்களுக்கு வேண்டிய ஆள் சாஸ்கியா ராவ்-டி ஹாஸ்: டச்சுக்காரர், செல்லோ கலைஞர், புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவின் மாணவி. தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தன் செல்லோவையே மாற்றியமைத்துக்கொண்டார். அதில் ஐந்து வாசிப்புத் தந்திகள், அவற்றோடு தாமாக அதிரும் பத்துத் தரப் தந்திகள். (டெரி ரைலி, லா மோன்ட் யங் இருவரும் ஹிந்துஸ்தானிப் பாடகர் பிரான் நாத்திடம் பாடம் கேட்டவர்கள். ஆனால் அவர்களை இசையமைப்பாளர்களாகக் கேட்பதே நியாயம்.)

ஸ்வரம் பிசகவில்லை என்பதில் எனக்குச் சந்தேகம். மேலைநாட்டுக் காது பழகிய பியானோவின் காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட் (ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கிய அளவு). தம்பூராவின் ஸட்ஜத் தந்திக்குள்ளேயே ஒலிக்கும் காந்தாரம் 386. அந்த 14 சென்ட் வித்தியாசம் யமனில் அப்பட்டமாகத் தெரியும். இதற்கு மேல் வைப்ராட்டோ என்னும் ஸ்வர நடுக்கம் வேறு. நீண்ட ஸ்வரம் வந்தாலே இடதுகை தானாக நடுங்கும்படி பழக்கியிருப்பார்கள். காந்தாரம் தம்பூராவோடு ஒட்டவே ஒட்டாது. முதலில் அந்த நடுக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஸுருதி சேர்ப்பது எளிது. செல்லோவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ. மேல் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் சி, ஜி, சி, ஜி: ஸ, ப, ஸ, ப. இறக்குவதால் தந்தி அறாது. புதிய ஸுருதியில் நிலைகொள்ளும்வரை அடிக்கடி சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல், ஸ ரே க என்று வரிசையாக ஏறுவது. யமனின் ஏற்றத்தில் பெரும்பாலும் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தாண்டிப்போவார்கள்: நி ரே க, தீவிர ம த நி ஸா. இந்தத் துண்டுகளை முதலில் பாடட்டும். வாய்க்கு வராதது விரலுக்கு வராது. அலி அக்பர் கானும் வாத்திய மாணவர்களைப் பாட்டு வகுப்பில் உட்கார வைத்தார். பிறகு ஒரே தந்தியில், ஒரே விரலால், க-விலிருந்து ரே-க்கு மீண்ட், அதாவது வழுக்கிச் செல்லும் இழைப்பு. பாதி வழியில் வில்லைத் திருப்பினால் மீண்ட் இரண்டாக உடையும். ஸ்வரத்துக்கு ஒரு வில் போடும் பழக்கம் போய், சொற்றொடருக்கு ஒரு வில் என்று ஆக வேண்டும். அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். நொட்டேஷன் எழுதுவதானால் மனப்பாடம் ஆன பிறகு எழுதட்டும். தாளில் மீண்ட் தெரியாது.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யமனுக்கு இணையான நம் கல்யாணியை முணுமுணுக்காமல் இருப்பதும் நல்லது. நம் கமகம் தொற்றிக்கொள்ளும்.

தாளத்தில் மேலைப் பயிற்சிக்காரர்கள் ‘ஒன்று’ என்பதைத் தொடக்கமாக எண்ணுவார்கள். இங்கே ஸம், அதாவது ஆவர்த்தத்தின் முதல் மாத்திரை, வந்து சேரும் இடம். மெதுவான (விளம்பித) 16 மாத்திரைத் தீன்தாலில் மஸீத்கானி கத் என்னும் வாத்திய உருப்படி வகை 12-ஆவது மாத்திரையில் எடுத்து, ஐந்து மாத்திரை கடந்து ஸம்மில் இறங்கும். எண்ணிக்கொண்டே வாசித்தால் அந்த எடுப்பு தவறும். தேக்காவின் (தபலாவில் தாளத்தைக் காட்டும் சொற்கட்டின்) சொற்களை வாயால் சொல்லிக் கைதட்டி, 9-இல் தட்டு விழாத காலிக்குக் கையைத் திருப்பிப் பழகிய பிறகு வில்லை எடுக்கட்டும்.

தர்பாரி ராகம் இப்போது வேண்டாம். அதன் கோமல காந்தாரத்துக்கு மெதுவான ஆந்தோளம் (ஊசலாட்டம்) வேண்டும். அவள் கை இப்போதைக்கு அங்கே வைப்ராட்டோவைத்தான் போடும்.