சிமுலேட்டரில் பழகியவரால் பயணிகள் விமானத்தைத் தரையிறக்க முடியுமா?

கேள்வி: வீட்டுக் கணினியில் ஐந்து ஆண்டுகளாக போயிங் 737 சிமுலேட்டரில் பழகுகிறேன். விமானிகள் இருவரும் மயங்கிவிட்டால் என்னால் விமானத்தை இறக்க முடியுமா?

பதில்: எதுவுமே அறியாத பயணியைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம், தானியங்கி இயக்கம் இயங்குகிறதா என்று பார்க்கவும், 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் உதவி கேட்கவும் எங்கே கை வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓடுபாதையிலும் விமானத்திலும் உரிய கருவிகள் இருந்தால், தரையிலிருந்து ஒரு விமானி சொல்லச் சொல்ல ஓடுபாதையின் வழிகாட்டி அலைவரிசையைப் பதித்து, இறக்கை மடிப்புகளையும் சக்கரங்களையும் உரிய வேகத்தில் இறக்கி, விமானத்தைத் தானாகவே தரையிறங்கச் செய்யலாம்.

கையால் இறக்குவது முற்றிலும் வேறு. மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில், தரைக்கு முப்பது அடி உயரத்தில் மூக்கை மெல்லத் தூக்கும் அந்த நொடியை, பக்கக்காற்றின் தள்ளலை உடலால் உணராதவர் கணிப்பது மிகக் கடினம். விமான நிறுவனங்களின் அசையும் சிமுலேட்டரில் மட்டுமே புதிய ரகத்தைக் கற்றவர்கள், அந்த ரகத்தின் முதல் பறப்பிலேயே பயணிகளை ஏற்றிச் செல்வதுண்டு என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே பறந்து தேர்ந்தவர்கள், அருகில் பயிற்சியாளரும் இருப்பார்.

2022 மே மாதம் புளோரிடாவில், கட்டுப்பாட்டாளர் வழிகாட்ட, ஒரு பயணி விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். ஆனால் அது செஸ்னா என்ற ஒற்றை எஞ்சின் சிறிய விமானம். 2005 ஆகஸ்ட் 14 அன்று ஏதென்ஸ் அருகே ஹீலியோஸ் விமான நிறுவனத்தின் 737-இல், விமானிகள் மயங்கிவிட்டபோது, விமானி உரிமம் பெற்றிருந்த விமானப் பணியாளரே கடைசி நிமிடங்களில்தான் விமானி அறைக்குள் நுழைய முடிந்தது. எரிபொருள் தீர்ந்து 121 பேரும் மாண்டனர்.