கார்த்திகை மழையில் குட்டி ஈனும் மேச்சேரி ஆடுகளுக்கு ஓலைக் கொட்டகை போதுமா?

கேள்வி: கடையாம்பட்டிப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் 30 மேச்சேரி செம்மறி வைத்திருக்கிறேன். போன கார்த்திகை மழையில் சில குட்டிகள் பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே செத்துவிட்டன. அப்பா காலத்து ஓலைக் கொட்டகையும், குட்டிகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடையும்தான் இருக்கின்றன. சிமெண்ட் தரை போட்டு ஷீட் கொட்டகை கட்டலாம் என்கிறான் மகன். எது நல்லது?

பதில்: ஓலைக் கொட்டகையை இடிக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் தரையில்தான். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். பிறந்த குட்டி இரண்டு, இரண்டரை கிலோ இருந்தால் அதிகம். ஈரத்தரையில் ஒரு ராத்திரி படுத்தாலே உடம்புச் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கிய குட்டி எழுந்து பால் குடிக்காது, குடிக்காததால் சூடு இன்னும் இறங்கும். சிமெண்ட் தரையில் மூத்திரம் உறிஞ்சாமல் தேங்கும், மார்கழியில் சில்லிட்டும் கிடக்கும். அந்தப் பணத்தை வேறு வேலைக்கு வையுங்கள்.

ஐப்பசிக்கு முன்பே கிராவல் கொட்டித் தரையை ஓரடி உயர்த்தி, ஒரு பக்கம் வாட்டம் கொடுத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். வெளியே சுற்றிலும் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். சுண்ணாம்புத்தூள் தூவி, மேலே காய்ந்த வைக்கோல் பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

வாடைக்காற்று வரும் வடக்கிலும் கிழக்கிலும் படலில் சோளத்தட்டையோ கரும்புத்தோகையோ நெருக்கிக் கட்டி மூன்றடி உயரத்துக்கு அடைத்தால் போதும். அதற்கு மேல் திறந்தே இருக்கட்டும். குளிருக்குப் பயந்து தார்ப்பாயைத் தரைவரை இறக்கிக் கட்டுகிறார்கள், அது ரொம்பத் தப்பு. விடியற்காலையில் உள்ளே போய், குட்டி படுத்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூத்திர நெடியில் உங்கள் கண் எரிந்தால், ராத்திரி முழுக்க அந்தக் காற்றைத்தான் குட்டி சுவாசித்திருக்கிறது. சளியும் இருமலும் அங்கிருந்துதான் வரும்.

பஞ்சாரம் அருமையான ஏற்பாடு. காற்றோட்டம் உண்டு, நாயும் கீரியும் அண்டாது. ஆனால் ஈன்ற உடனே குட்டியைப் பிரித்துக் கவிழ்க்கக் கூடாது. நாலடிக்கு நாலடி படல் தடுப்பில் தாயையும் குட்டியையும் இரண்டு மூன்று நாள் சேர்த்தே விடுங்கள். தாய் நக்கி மணம் பிடிக்க வேண்டும், முதல்முறை ஈனும் தலையீத்து ஆட்டுக்கு இது இன்னும் முக்கியம். சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள் குட்டி வயிற்றுக்குள் போயாக வேண்டும். தொப்புளில் டிங்சர் அயோடின் தடவுங்கள். அதன்பிறகு, தாய் மேய்ச்சலுக்குப் போகும் நேரத்தில், ஒரே வயதுக் குட்டிகளை நெருக்காமல் பஞ்சாரத்தில் விடலாம்.

சோர்ந்த குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் நிலைமை மோசம். அப்போது பாலைப் புகட்டாதீர்கள். தலை தூக்க முடியாத குட்டிக்கு ஊற்றும் பால் நுரையீரலுக்குப் போய்விடும். காய்ந்த சாக்கால் நன்றாகத் துடைத்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அணைத்து வைத்து, வாய் சூடேறித் தலை தூக்கிய பிறகு கொடுங்கள். ஓலைக்கூரைக்குக் கீழே கங்கு மட்டும் வைக்கவே வேண்டாம்.

சினை ஆடுகளுக்கு ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு துள்ளுமாரி (குடலில் நஞ்சு உண்டாகி ஆடு திடீரென்று சாகும் நோய்) தடுப்பூசி போடுவது பற்றி உங்கள் கால்நடை மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பொட்டனேரியில் உள்ள மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையத்துக்கும் மகனை ஒருமுறை அழைத்துப் போய் வாருங்கள்.