பலூனை வைத்துவிட்டு எலாஸ்டிக்கை எடுங்கள்

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகளுக்குப் பிரபஞ்சம் விரிவதைப் புரியவைக்க, பலூனில் புள்ளி வைத்து ஊதிக் காட்டினேன். "பலூன் இந்த ரூமுக்குள்ள விரியுது. பிரபஞ்சம் எதுக்குள்ள விரியுது? அதோட ஓரம் எங்க?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: சரியான இடத்தில்தான் மடக்கியிருக்கிறாள். தப்பு பலூன்மேல். அந்த உவமையில் பலூனின் தோல் மட்டும்தான் பிரபஞ்சம். உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் ரூமும் கணக்கிலேயே இல்லை. அதைச் சொல்லாமல் ஊதினால் எந்தப் பிள்ளையும் இதைத்தான் கேட்கும்.

ஒரு முழம் எலாஸ்டிக் வாங்கி, 2 செ.மீ.க்கு ஒன்றாகப் பேனாவால் ஆறு புள்ளி வையுங்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் பக்கத்துப் புள்ளி 2 செ.மீ. விலகியிருக்கும், மூன்று புள்ளி தள்ளி இருப்பது 6 செ.மீ. விலகியிருக்கும். தூரம் கூடினால் வேகமும் கூடுகிறது. கேலக்ஸிகள் (கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டங்கள்) விஷயத்தில் 1927ல் லெமெய்த்ர், 1929ல் ஹபிள் என்ற வானியலாளர்கள் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் போகும் தூரம் ஒரு ஒளியாண்டு) தள்ளிப் போகப் போக விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 70 கி.மீ. ஏறுகிறது. (அந்த 70 சரியாக 67ஆ, 73ஆ என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அது தனிக்கதை.)

புள்ளிகள் நாடாமேல் ஊர்ந்து போகவில்லை, நடுவிலிருந்த நாடாதான் நீண்டது. "எலாஸ்டிக்குக்கு முனை இருக்கே" என்பாள். இரு பக்கமும் முடிவே இல்லாத நாடாவை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் நீளும். நீள்வதற்கு வெளியே காலி இடம் எதுவும் வேண்டியதில்லை.

ஓரம் என்று ஒன்று நம் பார்வைக்குத்தான் உண்டு. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு. ஒளி நம்மிடம் வந்துசேர அவ்வளவு காலம்தான் கிடைத்தது. வரும் வழியில் விண்வெளியும் நீண்டுகொண்டே போனதால், அந்த எல்லை இன்று எல்லாத் திசையிலும் சுமார் 4600 கோடி ஒளியாண்டில் இருக்கிறது. கடற்கரையில் நின்றால் தெரியும் தொடுவானம் மாதிரி. கடல் அங்கே முடிவதில்லை.

பிரபஞ்சத்தின் வடிவத்தைச் சொல்ல ஒரு சுண்டுவிரல் போதும். கையை முழுக்க நீட்டி வானத்துக்கு நேரே பிடித்தால் அதன் அகலம் சுமார் 1 டிகிரி. பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியில் லேசான சூடும் குளிர்ச்சியுமாகத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றில் எடுப்பாகத் தெரிபவை ஏறக்குறைய இந்த அளவுதான். விண்வெளி வளைந்திருந்தால், லென்ஸ் வழியே பார்ப்பதுபோல் அவை பெருத்தோ சிறுத்தோ தெரிந்திருக்கும். 1998ல் அண்டார்க்டிகா மேல் பறந்த பூமராங் என்ற கருவியும் (அதைத் தூக்கிப்போனதும் ஒரு பலூன்தான்!), பிறகு பிளாங்க் விண்கலமும் அளந்து பார்த்ததில் வளைவு தென்படவில்லை. 'தட்டை' என்கிறார்கள். தோசை மாதிரி என்று அர்த்தமில்லை. எவ்வளவு பெரிய முக்கோணம் போட்டாலும் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரிதான் வரும் என்று அர்த்தம்.

தட்டை என்பதாலேயே முடிவில்லாதது என்றும் ஆகிவிடாது. பழைய நோக்கியா போனில் பாம்பு வலது ஓரத்தில் புகுந்து இடது ஓரத்தில் வருமே, அப்படியும் இருக்கலாம். வானத்தில் அதற்கான தடயம் தேடினார்கள், இதுவரை சிக்கவில்லை.

அடுத்து "நம்ம வீடும் விரியுதா?" என்பாள். இல்லை. ஈர்ப்போ அணுக்களின் பிணைப்போ இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் விரிவின் ஜம்பம் பலிக்காது. பக்கத்து ஆண்ட்ரோமெடா கேலக்ஸி விலகவே இல்லை, நொடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.