மூன்று மணி நேரம் சுற்றினால் அது காதுக் கல் அல்ல

கேள்வி: எனக்கு வயது 46. ஒன்றரை ஆண்டாக மாதம் ஒன்றிரண்டு முறை தலைசுற்றல் வருகிறது. முதலில் இடது காது அடைத்துக்கொண்டு ‘ஓ’வென்று இரையும். அரை மணியில் வீடே சுழலும். வாந்தி எடுத்தே துவண்டுவிடுவேன். அடங்க இரண்டு, மூன்று மணி நேரம் ஆகிறது. காதில் கல் நகர்ந்துவிட்டது என்று தலையைத் திருப்பும் பயிற்சி கொடுத்தார்கள், பலனில்லை. ஓராண்டாகத் தினமும் சின்னாரிசின் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது இடது காதில் போனை வைத்தால் பேச்சு தெளிவாக விழுவதில்லை. காது முழுதும் போய்விடுமா?
– வாசகி, குளித்தலை

பதில்: தலைசுற்றலில் நாங்கள் முதலில் கேட்பது ‘எவ்வளவு நேரம் சுற்றியது’ என்பதைத்தான். காதுக் கல், அதாவது உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள், நகர்ந்தால் படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சுற்றும். ஆனால் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். காது அடைக்காது, கேட்கும் திறனும் குறையாது. உங்களுக்கோ சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மணிக்கணக்கில் சுற்றுகிறது, ஒரே பக்கக் காதும் கூடவே கெடுகிறது. பயிற்சி பலிக்காததில் வியப்பில்லை. அது சரியான பயிற்சிதான், உங்கள் நோய்தான் வேறு.

நீங்கள் சொல்வது மெனியர் நோயின் அடையாளங்கள். இப்படிப்பட்ட சுற்றலுக்கு மூளையைக் காரணம் சொல்லிவந்த காலத்தில், கோளாறு உள்காதில்தான் என்று 1861இல் எடுத்துச் சொன்னவர் பாரிஸ் மருத்துவர் ப்ரோஸ்பர் மெனியர். உள்காதில் மெல்லிய சவ்வுக் குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் திரவம் அளவுக்கு மீறிச் சேரும்போது சவ்வு உப்புகிறது. ஒலியைக் கேட்கும் நத்தைக்கூட்டுக்கும், உடலைச் சாயாமல் பிடித்து நிறுத்தும் பகுதிக்கும் அதே திரவம்தான். அதனால்தான் காதும் சமநிலையும் ஒன்றாகவே தடுமாறுகின்றன.

வீட்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பாட்டை ஹெட்போனில் முதலில் ஒரு காதிலும் பிறகு மறு காதிலும் கேளுங்கள். இடது காதில் சுருதி சற்று மாறி, கரகரப்பாகக் கேட்கலாம். பேச்சு சரியாக விழாத அதே காதில், தட்டு கீழே விழும் சத்தம் மட்டும் தாங்க முடியாமல் உறைக்கும். பாதிக்கப்பட்ட நத்தைக்கூட்டின் இயல்பு அது. மெழுகு அடைத்த காதில் இப்படி இருக்காது.

நோயை உறுதி செய்ய, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனை வேண்டும். தொடக்கத்தில் 250, 500, 1000 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதிகளில்தான் இறக்கம் தெரியும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுற்றல் விட்டு இரண்டு வாரம் கழித்துப் போனால் கேட்கும் திறன் பழையபடி ஏறியிருக்கும், ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரும். ஆகவே காது அடைத்திருக்கும் நாட்களில் ஒன்று, தெளிந்த பிறகு ஒன்று என இரண்டு முறை எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருப்பதால் ஒருமுறை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அவசியம். செவி நரம்பில் வளரும் சிறு கட்டியும் இப்படித்தான் தொடங்கும். சுற்றலின்போது தலைவலியோ வெளிச்சம் பட்டால் கூச்சமோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலியாலும் மணிக்கணக்கில் சுற்றும், அதற்கு மருந்து வேறு.

சின்னாரிசினைத் தினமும் ஓராண்டு சாப்பிட்டது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. இது சுற்றல் வந்த ஓரிரு நாட்களுக்கான மருந்து. நீண்டநாள் எடுத்தால் தூக்கமும் எடையும் கூடும். கை நடுக்கம், நடையில் தளர்ச்சி என்று பார்க்கின்சன் போன்ற அறிகுறிகள் வரலாம். ஒரு காதின் குறையை மூளை தானே ஈடுகட்டப் பழகுவதையும் அது தடுக்கும். உங்கள் மருத்துவரிடம் பேசி நிறுத்துங்கள். மெனியர் நோய்க்கு பீட்டாஹிஸ்டின் மாத்திரை பரவலாகத் தரப்படுகிறது. ஆனால் 2016இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது கூடுதல் பலன் தரவில்லை. சில மாதம் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை, சுற்றல் குறையாவிட்டால் தொடர வேண்டாம்.

அடுத்து உப்பு. இதற்கான சான்று வலுவானதில்லை என்றாலும் கெடுதல் இல்லாத வழி என்பதால் முதலில் இதையே சொல்வேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். வீட்டில் நான்கு பேர் என்றால் ஒரு கிலோ உப்பு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட் மேலேயே எழுதிவையுங்கள். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பு இந்தப் பாக்கெட் கணக்கில் வராது, அதற்கு மேல் சேரும். ஒருநாள் பத்தியம், மறுநாள் விருந்து என்றில்லாமல் தினமும் ஒரே அளவாக இருக்கட்டும். ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

காது அடைக்கத் தொடங்கியதுமே செய்கிற வேலையை விட்டுவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, வலது காது கீழே இருக்கும்படி படுத்து, அசையாத ஒரு பொருளையே பாருங்கள். வாந்தியையும் சுற்றலையும் அடக்க மருத்துவர் எழுதித்தந்த புரோகுளோர்பெரசின் மாத்திரையை வாந்தி தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரை வயிற்றில் தங்காது, ஊசிதான் போட வேண்டியிருக்கும். சிலருக்கு நினைவு தப்பாமலே திடீரென யாரோ தள்ளியதுபோல் விழுகிற நிலையும் வருவதுண்டு. அதனால் நோய் அடங்கும்வரை ஏணி, கிணற்றடி, ஸ்கூட்டர் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சுற்றல் நிற்காவிட்டால் செவிப்பறை வழியாக உள்ளே ஸ்டீராய்டு ஊசி போடலாம். அதே வழியில் போடும் ஜென்டாமைசின் ஊசி சுற்றலை நன்றாக அடக்கும், ஆனால் கேட்கும் திறனைக் குறைக்கக்கூடும். அதனால் அது பிறகுதான்.

காது முழுதும் போய்விடுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலானோருக்குச் சில ஆண்டுகளில் சுற்றல் தானே ஓய்ந்துவிடுகிறது. கேட்கும் திறன் படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும், முழுச் செவிடாவது அரிது. குறைவு நிலைத்துவிட்டால் காது கேட்கும் கருவி உதவும்.

இரண்டு நிலைகளில் மட்டும் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். ஒரே நாளில் காது முற்றிலும் அடைத்துக் கேட்காமல் போய், மறுநாள் காலையிலும் திறக்கவில்லை என்றால் அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம், இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு மங்கிவிடும். சுற்றலோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிதல், ஒரு பக்கக் கை கால் மரத்தல், எழுந்து நிற்கவே முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது காது அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.