வேகமான குதிரை ஓட மறுத்தால் அது சண்டிக் குதிரையா?

கேள்வி: பந்தயத்தில் வெற்றிமேல் வெற்றி வாங்கிய குதிரை திடீரென்று ஓடவே மறுத்ததுண்டா? ஏன் அப்படிச் செய்கிறது?

உண்டு. ஆஸ்திரேலியாவின் ஷடாக்வா. இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எங்கள் வீட்டுக் குதிரை ஞாபகம் வந்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ஜட்கா வண்டி ஓட்டியவர். ரயிலில் வந்து இறங்கும் செட்டியார் வீட்டு ஆச்சிமார்களை ஸ்டேஷனிலிருந்து கானாடுகாத்தான், பள்ளத்தூர் வரை கொண்டுபோய் விடுவார். கிண்டி ரேஸ் மைதானத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எம்.ஏ.எம். ராமசாமி செட்டியாரின் குதிரைகள் எந்த ஊர்ப் பந்தயத்தில் ஜெயித்தன என்பதை, அரண்மனை வாசலில் கேட்டு வந்து வீட்டில் ஒப்பிப்பார். ஜட்கா போனபின் அப்பா குதிரையை விடவில்லை. திருவிழாக்களில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு மட்டக் குதிரை வளர்த்தார். பந்தயக் குதிரை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கொள்ளு ஊறும் வாசனைதான்.

இனி ஷடாக்வா. 2010-ல் பிறந்த, வெண்சாம்பல் நிறக் காயடித்த குதிரை. ஜான் ஹாக்ஸ் என்பவரும் அவருடைய மகன்கள் மைக்கேல், வெய்ன் இருவரும் பழக்கியது. அது ஓடியது குறுந்தூரப் பந்தயம். 1200 மீட்டர், ஏறக்குறைய 70 விநாடியில் முடிந்துவிடும். இந்தத் தூரத்தில் புறப்பாடுதான் பாதிப் பந்தயம். குதிரைகளை அடைத்து நிறுத்தும் கேட் திறந்த முதல் நாலைந்து எட்டில் பின்தங்கினால் அதைச் சரிக்கட்ட நேரமே கிடையாது. ஷடாக்வாவோ எப்போதும் பின்னால்தான் வரும். பின்னால் வந்தே ஜெயிக்கும்.

2016-ல் சிட்னி ராண்ட்விக் மைதானத்தில் நடந்த டி.ஜே. ஸ்மித் பந்தயத்தின் வீடியோவை ஒருமுறை பாருங்கள். கடைசி வளைவு தாண்டி நேர்ப்பாதைக்கு வரும்போது அந்த வெள்ளை உடம்பு கூட்டத்துக்குப் பின்னால் கிடக்கும். இதற்குமேல் என்ன என்று நாம் கண்ணை எடுக்கப் போகும் நேரத்தில், ஜாக்கி அதை வெளிப்பக்கமாகத் திருப்புவார். அதற்கப்புறம் மற்ற குதிரைகள் நடப்பது போலவும் இது மட்டும் ஓடுவது போலவும் இருக்கும். முன்னால் போன குதிரையை எல்லையில் மயிரிழையில் பிடித்துவிடும். அதே பந்தயத்தை 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தது. 2016-ல் ஹாங்காங் போய் அங்கேயும் ஒரு பெரிய பந்தயத்தை வென்று வந்தது. மொத்தம் 13 வெற்றி. பரிசுப் பணம் மட்டும் 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

2018-ல் அது நின்றுவிட்டது. நோயில்லை, நொண்டவில்லை. கேட்டுக்குள் அமைதியாகப் போகும். கதவு திறக்கும். பக்கத்துக் குதிரைகள் பாய்ந்து போகும். இது நின்ற இடத்திலேயே நிற்கும். முறையான பந்தயத்துக்கு அனுமதி வேண்டுமென்றால் முதலில் சோதனை ஓட்டத்தில் ஒழுங்காகப் புறப்பட்டுக் காட்ட வேண்டும். ஒரு சோதனை, இன்னொன்று, மற்றொன்று என்று மாதக்கணக்கில் இதே கதை. மருத்துவர்கள் பார்த்தார்கள், உடம்பில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் செப்டம்பரில் ஒரு சோதனையில் புறப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். 2018 அக்டோபர் 6-ம் தேதி மெல்பர்ன் ஃபிளெமிங்டன் மைதானத்தில், கில்காய் பந்தயத்தில் நிறுத்தினார்கள். கதவு திறந்தது. ஷடாக்வா நகரவில்லை. அன்றைக்கே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரே வார்த்தை: சண்டிக் குதிரை. முரண்டு பிடிக்கும் ஆளையும் மாட்டையும் சேர்த்தே அப்படிச் சொல்வோம். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் சுட்டி.

சுட்டி எங்கள் வீட்டுப் பெண்குதிரை. செம்பட்டை நிறம், நெற்றியில் ரூபாய் அளவுக்கு வெள்ளை. சிறிய குதிரைப் பிரிவில் போக வர 6 மைல் ஓட்டத்தில் அதை முந்த அக்கம்பக்கத்தில் குதிரை கிடையாது என்று பேர் வாங்கியது. 2017-ல் தேவகோட்டை பக்கம் ஒரு கோயில் திருவிழாப் பந்தயம். கொடி விழுந்தது. ஏழு வண்டி பறந்தது. எங்கள் வண்டி நின்றது. சாரதியாக இருந்த அப்பா லகானை உதறினார். சுட்டி காதைப் பின்னுக்கு மடித்து, பின்னங்காலில் பாரத்தை வைத்துக்கொண்டு ஊன்றி நின்றது. ரோட்டோரம் நின்றவர்கள், "வாலை முறுக்கு, ஓடும்!" என்றார்கள். ஒருவர் சாட்டையைக் கூட நீட்டினார். அப்பா வாங்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி அதன் முகத்துக்கு முன்னால் போய் நின்றார். கடிவாளத்தைக் கழற்றி, விரலால் வாயோரத்தை விலக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் தோல் வெடித்து, கடிவாள இரும்பு பட்ட இடம் சிவந்து கிடந்தது. போன வாரம்தான் புதுக் கடிவாளம் மாற்றியிருந்தோம்.

புண் ஆறியது. பழைய கடிவாளத்தோடு அடுத்த இரண்டு பந்தயம் ஓடியது, ஒன்றில் மூன்றாம் பரிசு. 2018 ஆடியில் மறுபடியும் நின்றது. இந்தமுறை அப்பா வாய், குளம்பு, லாடம், முதுகு, வயிறு என்று தடவாத இடமில்லை. கால்நடை மருத்துவரும் வந்து பார்த்தார். ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் அவிழ்த்துவிட்டால் கண்மாய்க் கரையில் காற்றாய்ப் பறக்கும். வண்டியில் பூட்டி மற்ற வண்டிகளோடு வரிசையில் நிறுத்தினால் போதும், கல்தான்.

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். குதிரை இரையாகும் பிராணி. ஆபத்து என்றால் ஓடித் தப்புவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், முதுகுக்கு நேர் பின்னால் கொஞ்சமும் அதற்குத் தெரியாது. பந்தயக் கேட்டில் அந்த இரண்டு பக்கத்திலும்தான் இரும்புக் கதவை அடைக்கிறோம். அதோடு குதிரைக்கு ஞாபகசக்தி அதிகம். ஓர் இடத்தில் வலித்தது என்றால், வலி போனபிறகும் இடம் மறக்காது. பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப் புண்ணும் சகஜம். தீனி நேரம், அலைச்சல், பதற்றம் எல்லாம் அதற்குக் காரணம். ஆகவே முதலில் வாய், பல், முதுகு, வயிறு, கால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பத்தில் பல தடவை காரணம் அங்கேதான் இருக்கும் என்பது எங்கள் வீட்டு அனுபவம். அதையெல்லாம் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், 'ஒன்றுமில்லை' என்பது நம் கைக்கும் கண்ணுக்கும் அகப்படவில்லை என்று மட்டுமே அர்த்தம். குதிரைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்று, வேகமும் மிரட்சியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம். சட்டென்று திடுக்கிடும் குதிரைதான் சட்டென்று பாயும். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் நாம் பரிசு வாங்குகிறோம். பரிசு வரும்வரை அதைத் துடிப்பு என்கிறோம், நின்றுவிட்டால் சண்டி என்கிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஃபிளெமிங்டன் வீடியோ அந்த அக்டோபரில்தான் என் போனுக்கு வந்தது. சாயங்காலம், அப்பா திண்ணையில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். காட்டினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவை கதவு திறக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மிரளல பாரு. காது நேராத்தான் இருக்கு. அதுக்குப் போதும்னு ஆயிருச்சு, அம்புட்டுத்தான்."

"இத்தனை ஜெயிச்ச குதிரைப்பா."

"ஜெயிச்சதனாலதான் சொல்றேன். ஓடத் தெரியாம நிக்கல அது."

உள்ளேயிருந்து அப்பத்தா, "அப்ப நம்ம புள்ளைய ஏண்டா இன்னும் பூட்டுற?" என்று கேட்டது. அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் பந்தய வண்டியின் ஏர்க்காலைக் கழற்றி மாட்டுக் கொட்டகையின் பரணில் போட்டார்.

ஷடாக்வாவுக்கு அந்தக் கடைசிப் பந்தயமே கொடுத்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம். சோதனைகளிலேயே அது பதில் சொல்லிவிட்டது. இருந்தாலும் அன்றே ஓய்வு என்று அறிவித்தார்கள் பாருங்கள், அதற்காக அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. சுட்டியை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். "நான் ஓட வச்சுக்கிறேன், நீங்க குடுங்க" என்றார் ஒருவர். எப்படி ஓட வைப்பார் என்று அப்பாவுக்குத் தெரியும். கொடுக்கவில்லை.

சுட்டி இன்னும் இருக்கிறது. கண்மாய்க் கரையில் மாடுகளோடு மேய்கிறது. பிடரி கொஞ்சம் நரைத்துவிட்டது. யாராவது துண்டை உதறித் தோளில் போட்டால் மட்டும், கொடி அசைந்தது என்று நினைக்குமோ என்னவோ, தலையைத் தூக்கிக் காதை அந்தப் பக்கம் திருப்பும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து புல்லைக் கடிக்கும்.