855-இல் தொடங்கும் எண்ணில் போன பணம்

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் இருக்கும் உங்கள் அப்பா 855-இல் தொடங்கும் வாட்ஸ்அப் அழைப்பை நம்பி நேற்று ராத்திரி 40,000 ரூபாய் அனுப்பிவிட்டார், ‘வெளிநாட்டு நம்பர், ஒண்ணும் செய்ய முடியாது’ என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சும்மா இருந்துவிடாதீர்கள். 855 கம்போடியாவின் குறியீடுதான். ஆனால் யுபிஐ-யில் போன பணம் முதலில் விழுவது பெரும்பாலும் இங்குள்ள யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில்தான். அதை முடக்க இன்டர்போல் வர வேண்டியதில்லை. பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்ணை (யூடிஆர்) கையில் வைத்துக்கொண்டு இப்போதே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள். ஆளைப் பிடிப்பது வேறு கதை. சைபர் குற்றங்களில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ வகைசெய்யும் 2001-இன் புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. சிபிஐ வழியாக இன்டர்போலுக்குப் போக நாளாகும். தென்காசியில் எங்கள் மாமா வெட்கப்பட்டு இரண்டு நாள் தயங்கினார். பணம் நாலு கணக்கு தாண்டிவிட்டது. அப்புறம், அந்த வாட்ஸ்அப் உரையாடலை அப்பா அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.